றிப்போர்ட்டில் ஒன்றுமில்லை

என் கிளினிக் கொப்பியின்படி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தைரொயிட் சரி, சீனி சரி, இருதயம் சரி, ஈரலும் சிறுநீரகமும் சரி. மூளையின் மின்னலைகளைப் பதிந்து பார்த்ததும் சரி. இப்படி எல்லாம் சரியாயிருக்கிற உடம்போடு காலையில் எழும்பினால், படுக்கப் போனபோது இருந்ததைவிட அலுப்புக் கூட. பத்து மணியளவில் சங்கத்துக் கணக்குப் புத்தகத்தை விரித்தால் கண் சொருகும். நண்டுக் கணக்கு இறால் நிரலுக்குள் போய்விடும். இரவு இரண்டு மணிக்கு அதே கண் திறந்தால் பிறகு மூடாது. வருஷக்கணக்காக இதுதான் என் நிலைமையாக இருந்தது.

எனக்கு வயது 49. திருகோணமலை திருக்கடலூரில் பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதுகிறேன். கணவர் கடல்தொழில். சங்கத்துக்கு வருகிறவர்களோடு கதைக்கும்போது என்னைப் போல் எத்தனையோ பேர் இருப்பது தெரிகிறது. நித்திரை இல்லை, அல்லது நித்திரை இருந்தும் பலன் இல்லை. சோதித்தால் ஒன்றும் தெரியவில்லை. ‘உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா’ என்று சொல்லக் கேட்ட பிறகு அநேகமானோர் வைத்தியரிடம் போவதையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நித்திரைப் பரிசோதனை எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் எவ்வளவோ அழுகை மிச்சமாகியிருக்கும்.

எங்கள் ஊரில் இரவு எல்லாருக்கும் ஓய்வு நேரம் இல்லை. ஃபைபர் படகுகள் இரண்டு மணி, மூன்று மணிக்கே இறங்கத் தொடங்கும். துறைமுகப் பக்கத்தில் இரவு முறை வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கணவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்க நானும் எழும்புவேன். ‘காரணம் இதுதானே’ என்று முதலில் பார்த்த வைத்தியர் சொன்னார். நியாயமான ஊகம். ஆனால் வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்து, படகெல்லாம் கரையேறிக் கிடக்கும் மார்கழி, தை மாதங்களிலும் எனக்கு அதே இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. கணவர் பக்கத்தில் நல்ல நித்திரை. நான் வாசலில் வந்து நிற்பேன். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் அந்த நேரம் தெருவில் சாவகாசமாகத் திரியும். மதிலோரம் கிடந்த ஒரு கடுதாசிப் பெட்டியை ஒரு பெண்மான் முன்காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கிழித்துத் தின்னும். குட்டி அதன் வயிற்றோடு ஒட்டி நின்று என்னையே பார்க்கும். அவ்வளவு அழகான ஊரை அந்த நேரத்தில் பார்க்க எனக்கு விருப்பமே இருந்ததில்லை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மாமி கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டா. தங்கச்சி, மாதவிடாய் நிற்கிற வயசு என்றாள். அந்த வயதில் இரவில் உடம்பு சுட்டு, வியர்த்து, நித்திரை கலைவது உண்மைதான். ஆனால் என் தொல்லை முப்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. கனபேர் சொன்னது, ‘நாங்கள் பட்டதெல்லாம் கொஞ்சமா? அதுதான்’ என்பது.

பட்டது கொஞ்சமில்லை. 2004 மார்கழிக் கடல் எங்கள் கரையைத் தின்றது. 2006இல் துறைமுகத்துக்கு மேலால் ஷெல் போனது. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு நித்திரை கொண்ட தலைமுறை நாங்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இலங்கைத் தமிழர் மனங்களில் போர் விட்ட காயங்களைப் பற்றி 1998இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டிருக்கிறார். கெட்ட கனவும், திடுக்கிட்டு விழிப்பதும், படுக்கவே பயப்படுவதும் அப்படிக் காயப்பட்டவர்களிடம் வழமையாகக் காணப்படுபவை. அப்படியானவர்களுக்கு வைத்தியமும் இருக்கிறது, அவர்கள் அதைத் தேடிப் போகவேண்டும். எனக்குக் கெட்ட கனவு வருவதில்லை, பயமும் இல்லை. போர் இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் நடந்தது. எல்லாருக்கும் நடந்த ஒன்றை ஒருவரின் வருத்தத்துக்குக் காரணமாகச் சொல்லிவிட்டு மேற்கொண்டு பார்க்காமல் விடுவது சரியில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

உடம்பு மணிக்கூட்டைப் பற்றி எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1996 மே மாதம், வரட்சியால் மின்சாரம் போதாமல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. புலிகளின் பகுதிகளில் பழைய நேரம்தான். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப்புறம் சம்பூரில் ஒரு நேரம், இந்தக் கரையில் இன்னொரு நேரம். புது நேரமா பழைய நேரமா என்று கேட்காமல் யாரும் யாரையும் சந்திக்க முடியாது. எந்த நேரத்தைச் சுவரில் மாட்டினாலும் உடம்பு வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. மூளையின் அடியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகளுக்கு மேலே, மிகச் சிறிய ஒரு நரம்புக் கூட்டம் விடியல் வெளிச்சத்தை வைத்து உடம்பின் நாளைத் திருத்திக்கொள்கிறது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட நித்திரைக்கான அழுத்தமும் மூளையில் ஏறிக்கொண்டு போகும். அழுத்தமும் மணிக்கூடும் சேரும் இடத்தில்தான் நல்ல நித்திரை என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பேய் என்ற விஞ்ஞானி விளக்கினார். இந்தக் கணக்கு பிறகு எனக்கு மிகவும் உதவியது. அதற்கு முதல் பரிசோதனைக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரவு ரயிலில் மருமகளும் துணைக்கு வந்தாள். சிங்களத்தில் கதைக்க அவள்தான். நித்திரைப் பரிசோதனை என்பது இரவு முழுக்க உடம்பைக் கண்காணிப்பது. தொழில்நுட்பம் பார்த்த தம்பி என் தலைமயிரை வகிடு பிரித்துப் பிரித்து, தோலைச் சுரண்டித் துடைத்து, பசை தொட்டுச் சின்னக் கிண்ணி போன்ற தகடுகளை ஒட்டினார். கண்ணோரம் இரண்டு, நாடியில், இரண்டு கெண்டைக்கால் முன்புறத்திலும் ஒவ்வொன்று. நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி. மூக்குக்குள் சின்னக் குழாய். விரலில் ஒட்சிசன் பார்க்கிற கிளிப். ‘அம்மா, இனி வீட்டில் படுக்கிற மாதிரிப் படுங்கோ’ என்று மருமகள் மூலம் சொன்னார். அவர் நல்ல பிள்ளை. ஆனால் ஏ.சி. குளிர், பழகாத கட்டில், கமரா, உடம்பு முழுக்க வயர். வீட்டில் படுக்கிற மாதிரி யார்தான் படுக்க முடியும்?

மனித மூளையின் மின்னலையை முதன்முதல் பதிந்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1924இல். 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்கள் இமைக்குள் வேகமாக உருளுகிற நித்திரைக் கட்டத்தைக் கண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தப் பரிசோதனை. இரவை 30 செக்கன் துண்டுகளாக வெட்டி, எட்டு மணித்தியாலத்துக்கு 960 துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது விழிப்பு, இது மேலோட்டமான நித்திரை, இது ஆழ்ந்தது, இது கனவுக் கட்டம் என்று குறிப்பார்கள். மூச்சு எத்தனை தரம் நின்றது, எத்தனை தரம் குறைந்தது, கால் எத்தனை தரம் உதறியது என்றும் எண்ணுவார்கள். கணக்கெழுதுகிறவளுக்கு அந்த வேலையில் உள்ள பொறுமை விளங்கும். தலையில் ஒட்டிய பசை மூன்று தரம் முழுகியும் முழுதாகப் போகவில்லை.

முடிவு வந்தது. மணித்தியாலத்துக்கு 4.2 மூச்சுத் தடங்கல். 5க்குக் கீழே என்றால் வழமை. கால் உதறல் கொஞ்சம். ஆழ்ந்த நித்திரை குறைவு. படுத்திருந்த நேரத்தில் மூன்றிலொரு பங்கு விழிப்பு. ‘நோய் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்’ என்று அடியில் ஒரு வரி. ஊரிலே காட்டியபோது, பார்த்தவர் முதல் எண்ணை மட்டும் பார்த்து, ஒன்றுமில்லை என்று கொப்பியை மூடினார்.

என் மாமாவுக்கு அப்படி நடக்கவில்லை. அவர் ஒரு சம்மாட்டி, கழுத்துத் தடித்த மனிசன், குறட்டை மூன்று வீட்டுக்குக் கேட்கும். அவருக்கு மணித்தியாலத்துக்கு 52. முப்பதைத் தாண்டினாலே கடுமை. நித்திரையில் தொண்டை மூடி மூச்சு நின்றுநின்று வருகிற வருத்தம். அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவியை மூக்கில் மாட்டிப் படுக்கத் தொடங்கினார். ஒரு மாதத்துக்குள் ஆள் பத்து வயது குறைந்துவிட்டார். அவர் சுகமானதில் எனக்கு உண்மையான சந்தோசம். அவருக்குப் பெயருள்ள வருத்தம் கிடைத்ததில் பொறாமையும் இருந்தது. பெயர் இருந்தால் வீட்டில் நம்புவார்கள், வேலையில் நம்புவார்கள்.

அந்த 4.2க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கியவர் பிறகு பார்த்த இன்னொரு வைத்தியர். முதலாவது, புது இடத்தில் முதல் இரவு யாருக்கும் நித்திரை கெடும். 1960களிலேயே ஆய்வாளர்கள் இதை எழுதிவைத்தார்கள். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பார்த்தபோது, பழகாத இடத்தில் முதல் இரவில் மூளையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட மேலோட்டமாக நித்திரை கொள்வதும், சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வதும் தெரிந்தது. எங்கள் கடலில் படகுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு வரும் டொல்பின்கள் மூளையின் ஒரு பாதியை விழிப்பில் வைத்துக்கொண்டு மற்றப் பாதியால்தான் உறங்கும். மனிதருக்கும் அதில் ஒரு துளி மிச்சம் இருக்கிறது போல. ஆக, அந்த இரவில் எடுத்தது என் வழமையான நித்திரையே இல்லை. கனவுக் கட்டத்துக்கு அதிகம் போகாதவருக்கு மூச்சுத் தடங்கல் குறைவாகவே எண்ணப்படலாம். கனவுக் கட்டத்தில்தான் பலருக்குத் தொண்டைத் தசை மிகவும் தளர்கிறது.

இரண்டாவது, எண்ணுகிற விதியே இரண்டு. மூச்சுக் குறைந்ததாகக் கணக்கில் எடுக்க, ஒட்சிசன் 4 வீதம் இறங்கவேண்டும் என்பது ஒரு விதி. 3 வீதம் இறங்கினாலோ, அல்லது மூளை ஒரு கணம் விழித்துக்கொண்டாலோ போதும் என்பது மற்றது. ஒரே ஆள், ஒரே இரவு, விதி மாறினால் எண் மாறும். மெலிந்த பெண்கள் பலருக்கு ஒட்சிசன் இறங்காமலே, மூச்சை இழுக்கிற சிரமத்தால் மட்டும் நித்திரை துண்டுதுண்டாகும். என் றிப்போர்ட்டில் எந்த விதி என்று எழுதியிருக்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்குக் கைமேல் பலன் தந்தது. பின்னேரங்களில் கதிரையில் இருந்தால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊருகிற மாதிரி இருக்கும், நீட்டி மடக்கி, எழும்பி நடந்தால்தான் அடங்கும் என்று சொன்னேன். அதுவரை யாரும் கேட்டதில்லை. வயது போவதால் வருவதென்று நினைத்து நானும் சொன்னதில்லை. அது ‘அமைதியற்ற கால்’ என்ற நோய். சுவீடன் வைத்தியர் எக்பொம் 1945இல் விரிவாக எழுதியது. மூளையில் இரும்புச்சத்துக் குறைவது இதற்கு ஒரு காரணம். கர்ப்பிணிகளிலும் சிறுநீரக நோயாளரிலும் அதிகம். இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து இந்த நோயைச் சொல்ல முடியாது, ஆளைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும். என் இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவில்லை. உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் 21. ஆய்வுகூடத்தின் கணக்கில் அது வழமைக்குள்தான். ஆனால் இந்தக் கால் நோய் உள்ளவருக்கு 75க்கு மேல் இருக்கவேண்டும் என்று அந்தத் துறை நிபுணர்களின் வழிகாட்டல் சொல்கிறது. அந்த 21 என் கொப்பியில் வருஷக்கணக்காக இருந்தது, பக்கத்தில் சரி அடையாளத்தோடு.

இரும்புக் குளிசை தந்தார்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை விடச் சொன்னார்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய் அதற்கு மாறாக உதவும். மீனும் பிளேன்ரீயுமாக வளர்ந்த எனக்கு அது பெரிய விரதம். சில மாதங்களில் காலுக்குள் ஊருவது பெருமளவு நின்றது. இரும்பு அதிகமானாலும் கெடுதி, எனவே அளந்து பார்க்காமல் யாரும் தாங்களாகக் குளிசை வாங்கி விழுங்கக்கூடாது.

கால் அடங்கியும் இரண்டு மணி விழிப்புப் போகவில்லை. அதற்கு மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் அந்த வாசலில் நிற்பதை யாராவது கண்டால் கதை வரும் என்று கணவர் தயங்கினார். ‘நீங்கள் வரவேண்டாம், நான் போறன்’ என்றேன். வந்தார். அங்கே நித்திரைக் குளிசை தரவில்லை. அது கொஞ்ச நாளைக்கு உதவும், பிறகு உடம்பு பழகிவிடும், வயது போனால் தடுமாறி விழவும் வைக்கும் என்று சொன்னார்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, வைத்தியரோடு சேர்ந்து மெல்லமெல்லத்தான் குறைக்கவேண்டும். எனக்குத் தந்தது ஒரு டயறி. எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது விழித்தேன், எப்போது எழும்பினேன். எழுதிப் பார்த்தால், எட்டரை மணித்தியாலம் படுக்கையில் கிடந்து ஐந்தரைதான் உறங்குகிறேன். ‘அப்படியென்றால் ஐந்தரை மணித்தியாலம் மட்டும் படுங்கள்’ என்றார் வைத்தியர். இரவு 11.30க்கு முன் படுக்கக்கூடாது. காலை 5க்கு, நித்திரை வந்ததோ இல்லையோ, எழும்பி வெளிச்சத்துக்குப் போகவேண்டும். இடையில் விழித்தால் புரண்டு கிடக்காமல் எழும்பி வெளியே இருக்கவேண்டும். பகலில் சரியக்கூடாது.

நித்திரை அழுத்தத்தைச் சேர்த்து வைத்து, சிதறிய நித்திரையை ஒரே கட்டாக்குகிற முறை இது. ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் எழுதியது; கட்டிலை நித்திரைக்கு மட்டும் என்று பழக்குவது அதற்கும் முந்தி, ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்னது. இந்த இரண்டையும், நித்திரை பற்றிய பயத்தைக் குறைக்கும் பேச்சையும் சேர்த்த சிகிச்சையைத்தான் நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலில் கொடுக்கவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவித்தது. முதல் கிழமைகள் கொடுமை. அந்த நாட்களில் வாகனம் ஓட்டக்கூடாது, படகேறக்கூடாது. வலிப்பு உள்ளவர்களும், மனம் ஒருசமயம் மிகவும் எழுந்தும் ஒருசமயம் தாழ்ந்தும் போகிற நோயுள்ளவர்களும் வைத்தியர் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. கணவரின் தேநீரை இரவே பிளாஸ்கில் ஊற்றி அடுப்படி மேசையில் வைத்தேன். அவர் செருப்பை வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கப் பழகினார். நித்திரை மெல்ல ஒன்றாகச் சேர்ந்தது. படுக்கும் நேரத்தைக் கால் மணித்தியாலமாக முன்னுக்குக் கொண்டுவந்தோம். இப்போது பெரும்பாலான இரவுகளில் நான் மான்களைக் காண்பதில்லை.

ஆனாலும் பகல் அயர்வில் பாதி அப்படியே இருக்கிறது. மரே ஜோன்ஸ் என்பவர் 1991இல் மெல்பேர்னில் உருவாக்கிய எட்டுக் கேள்வித் தாள் ஒன்று உண்டு: வாசிக்கும்போது, ஒரு மணித்தியாலம் வாகனத்தில் போகும்போது, சாப்பாட்டுக்குப் பின் சும்மா இருக்கும்போது, எவ்வளவு தூங்கி விழுவீர்கள் என்று. 10க்கு மேல் என்றால் கவனிக்கவேண்டும். எனக்கு 14. பஸ்ஸில் கந்தளாய் தாண்டியதே எனக்குத் தெரிந்திருக்காது.

இந்த மிச்சத்துக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை. அதை இப்போது அவமானமாக எடுப்பதில்லை, ஏனென்றால் மருத்துவத்தின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. பகலில் அடக்க முடியாமல் உறங்கி விழுகிற, சிரித்தால் முழங்கால் தளர்ந்து சரிகிற நோய்க்கு பிரான்சின் ஜெலினோ 1880இல் நார்கோலெப்சி என்று பெயர் வைத்தார். எந்த மூளை இரசாயனம் குறைவதால் அது வருகிறதோ, அந்த இரசாயனத்தையே கண்டுபிடித்தது 1998இல்தான். இடைப்பட்ட நூறு வருஷத்துக்கு மேலாக அந்த நோயாளிகளின் இரத்தத்தில் காட்ட எதுவும் இருக்கவில்லை, நோய் இருந்தது. எங்கள் மாவட்டத்திலேயே பதவி சிறிபுரப் பக்கம் கமக்காரரின் சிறுநீரகத்தை அரிக்கும் நோய்க்கு இன்னும் உறுதியான காரணம் தெரியாது. யாரும் அவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்வதில்லை. ‘காரணம் அறியப்படாத’ என்று பெயரிலேயே எழுதி, கிளினிக் வைத்து, தொடர்ந்து பார்க்கிறார்கள். நித்திரை நோயாளிக்கும் அந்த நேர்மை வேண்டும். காரணம் தெரியவில்லை, தொடர்ந்து பார்ப்போம் என்று கொப்பியில் எழுத இரண்டு வரிதான் வேண்டும். அது இருந்தால் அடுத்த வைத்தியர் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, வீட்டில் உள்ளவர்களும் சோம்பல் என்று சொல்லமாட்டார்கள்.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. நித்திரையில் மூச்சுத் திணறி எழும்புவது, வாகனம் ஓட்டும்போதோ படகிலோ தூங்கி விழுவது, சிரிக்கும்போது கைகால் சோர்வது, கனவிலே பக்கத்தில் படுத்தவரை அடிப்பது, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வருவது. முந்திய சோதனை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இவற்றோடு திரும்பவும் போகவேண்டும்.

எனக்கு அடுத்த கிளினிக் கச்சான் காலத்தில். டயறியின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். அன்று இரவு நான் உண்மையில் எத்தனை மணித்தியாலம் உறங்கினேன், அது முடிவு சொல்லப் போதுமா? மூச்சுத் தடங்கலை எந்த விதிப்படி எண்ணினீர்கள்? ஃபெரிட்டின் இப்போது எவ்வளவு? இரவுப் பரிசோதனைக்கு அடுத்த நாள் பகலில், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் இருபது நிமிஷம் படுக்கவிட்டு எவ்வளவு கெதியாக உறங்குகிறோம் என்று பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறதாமே, சராசரி எட்டு நிமிஷத்துக்குள் உறங்கினால் நோய் என்று எடுப்பார்களாமே, அதை எனக்குச் செய்ய முடியுமா? செய்தால், மற்றச் சோதனைகளைப் போல அதுவும் சரியென்று வந்தால், அதற்குப் பிறகு என்ன செய்வோம்?